அத்தை இறங்கிய மலை

சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செருப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் கிடக்கிறது. மலையேறுகிறவர்கள் போடும் கனத்த பூட்ஸ். அடிப்பக்கப் பள்ளங்களில் செம்மண் அப்பிக் காய்ந்திருக்கும். ஊரில் யாருடைய செருப்பும் குதிகால் பக்கம்தான் முதலில் தேயும். இது மட்டும் விரல் பக்கம் தேய்ந்து, குதிகாலில் கடையில் வாங்கிய கருக்கு அப்படியே இருக்கிறது. அடுக்குமாடி நடைபாதையை அடைக்கக் கூடாதென்று நோட்டீஸ் வரும்போதெல்லாம் இதைத் தூக்கிப் போடு என்பார் என் கணவர். அலமாரியை வேண்டுமானால் தூக்கிப் போடுங்கள், பூட்ஸில் கைவைத்தால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்பேன் நான். இத்தனைக்கும் அது அவருடைய அம்மாவின் பூட்ஸ்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களோடு வந்து சேருவதற்கு முன் உட்லண்ட்ஸில் இருந்தவர். மீன் வாங்க வாரம் தவறாமல் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போய் வருவார். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவையே அதட்டிப் பாட வைக்கிற குரல். அவருடைய ஒரே மகள், அதாவது என் நாத்தனார், இங்கிலாந்துக்குப் படிக்கப் போனாள். போனவள் வேல்ஸ் எல்லையை ஒட்டிய கிராமத்தில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் இல்லை, பதிவுத் திருமணம். அத்தை போகவில்லை. போகாததோடு விட்டாரா? "படிக்க அனுப்பினா ஆடு மேய்க்கப் போயிட்டா" என்று பங்குக் கோயில் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். அந்த வார்த்தை கடல் தாண்டி அவளிடமும் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு அம்மாவுக்கும் மகளுக்கும் பல வருடம் பேச்சில்லை. அவள் அண்ணனுக்குப் போன் செய்தால் அத்தை சமையலறைக்கு எழுந்து போய்விடுவார். அங்கே அடுப்பு அணைந்திருக்கும், அத்தையின் காது மட்டும் ஹாலில் இருக்கும்.

முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்த வருடம்தான் அத்தைக்குப் பயம் வந்தது. இப்போது போகாவிட்டால் இனி எப்போதும் போக முடியாது என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் கணவர் தங்கைக்குப் போன் செய்தார். அம்மா வரலாம், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், ஆனால் நான் தினமும் நடக்கிற மலையில் ஒரு நாள் என்னோடு நடக்க வேண்டும், நான் எந்த இடத்தில் வாழ்கிறேன் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றாளாம். பிள்ளை கேட்டது அவ்வளவுதான். அத்தை மறுநாளே தேக்கா கடைத்தெருவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் பூட்ஸ் வாங்கினார்.

சிங்கப்பூரில் மலைக்கு எங்கே போவது? எங்கள் புளோக்கின் மாடிப்படிதான் எங்களுக்கு மலை. விடிகாலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு அத்தை தரைத்தளத்திலிருந்து உச்சி மாடி வரை ஏறுவார், நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போவேன். மேலே போனதும் லிஃப்ட் பொத்தானை அமுக்கிக் கீழே வந்து மறுபடியும் ஏறுவோம். இறங்குவதையும் நடந்து இறங்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஏறத்தான் தெம்பு வேணும். இறங்குறதுக்கு என்ன, சும்மா விட்டா காலே போகும்" என்றார். எதிர்த்துப் பேசினால் காலைக் காப்பி கசந்துவிடும் என்று விட்டுவிட்டேன். சில மாதங்களில் பக்கத்து வீட்டு இளவட்டங்களே மூச்சு வாங்கி நிற்கும் படிகளை அத்தை ஜெபமாலை சொல்லிக்கொண்டே ஏறினார்.

அத்தையும் நானும் போய் இறங்கிய அந்தக் கிராமம் ஹெரிஃபோர்டு நகருக்கு மேற்கே இருக்கிறது. உழுத வயலெல்லாம் செக்கச்செவேலென்ற மண், வேலிக்கு வேலி ஆடுகள், எல்லாவற்றுக்கும் பின்னால் சுவர் எழுப்பியதுபோல ஒரு நீண்ட மலை. நாத்தனார் எங்களை நன்றாகத்தான் கவனித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டீ வேண்டுமா, போர்வை போதுமா, குளிருகிறதா என்று ஓட்டல் வரவேற்பறைப் பெண் மாதிரி கேட்டாள். கேட்கும்போதெல்லாம் அத்தையின் தோளுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்த்தாள். அத்தையும் நன்றி சொன்னார். பெற்ற மகளிடம் நன்றி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருமகள் நடுவில் பேசினால் சண்டை என் தலையில் விடியும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மலைக்குப் போன அன்று மாப்பிள்ளை ஆடுகளைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டார். நாங்கள் மூன்று பெண்களும் நடந்தோம். பெரணிப் புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. அத்தை விரித்த குடையை முதல் காற்றே முறித்துப் போட்டது. ஆனால் கால்? அடடா, அந்தக் கால்களைப் பார்த்திருக்க வேண்டும். மகளே பின்தங்கிப் போனாள். உச்சியில் மரமே இல்லை, புல்லும் காற்றும்தான். மேயும் குதிரைகளுக்கு மேலே எங்கோ ஒரு வானம்பாடி நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இங்கிலாந்து, அந்தப் பக்கம் வேல்ஸ் என்று நாத்தனார் கைகாட்டினாள். அத்தை செக்போஸ்ட்டைத் தேடினார். "உட்லண்ட்ஸ்ல பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு மணிக்கணக்கா நிக்கிறோம். இங்க ஆடு பாட்டுக்குப் போயிட்டு வருது லா" என்றார். நாத்தனாரின் உதடு லேசாக அசைந்தது. நெத்திலி சம்பலும் புளிச்சோறும் சாப்பிட்டோம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கச் சொன்னாள், நடந்தாயிற்று, கணக்கு முடிந்தது என்பதுபோல அவள் பையைக் கட்டினாள். இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் இதற்குத்தானா என்று எண்ணிக்கொண்டே நானும் சோற்று டப்பாவை மூடினேன்.

இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்திலேயே அத்தையின் தொடை கிடுகிடுவென்று ஆடியது. இன்னும் நாலு அடி வைத்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் வலியைவிடத் திகைப்பு அதிகம். "நாம இறங்கிப் பழகவே இல்லையேம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த மலையில் எந்தப் பொத்தானை அமுக்குவது? என்ன கதை என்று நாத்தனார் கேட்டாள், லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் எங்களையே மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரித்தாளே ஒரு சிரிப்பு, வந்த நாளிலிருந்து அன்றுதான் அவள் பல்லையே பார்த்தேன்.

முழங்கால் போன மேய்ப்பர்கள் அங்கே பின்பக்கமாகத்தான் இறங்குவார்களாம். அத்தையை எழுப்பி மலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். தான் ஒரு அடி மேலே, அவருக்கு நேர் எதிராக நின்று இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நான் கீழே நின்று கல் எங்கே, பள்ளம் எங்கே என்று குரல் கொடுத்தேன். அத்தை கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கீழே பார்த்துத் தடுமாறினார். "அம்மா, கீழ பாக்காதீங்க. என்னைப் பாருங்க" என்றாள் அவள்.

வேறு வழியே இல்லை, பார்த்தார்கள். அத்தனை வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் தவிர்த்த இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, ஒரு முழ தூரத்தில், அந்த மலைச்சரிவு முழுக்கப் பார்த்தார்கள். பாதி வழி வந்தாயிற்று. இளைத்துவிட்டாய் என்றார் அத்தை. நீங்களும்தான் என்றாள் அவள். வேலிக் கதவு கண்ணுக்குத் தெரிந்தபோது அத்தை நின்றுவிட்டார்.

"அன்னிக்கு நான் வந்திருக்கணும்டி."

நாத்தனாரின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க முடியாது, இரண்டு கையும் அம்மாவிடம் இருந்தன.

"இப்ப வந்துட்டீங்கல்ல. காலை வைங்கம்மா" என்றாள்.

அத்தை காலை வைத்தார். நான் கீழே நின்று கல் இருக்கிறதா இல்லையா என்றே பார்க்காமல் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு முடிந்தபோதெல்லாம் அத்தை அங்கே போய் வந்தார். ஒவ்வொரு முறையும் அதே மலை, அதே பின்பக்க இறக்கம். ஊருக்கு வந்தால், இறங்குவதையும் பழகிக்கொள்ளலாமே என்று நான் சொன்னாலும் கேட்க மாட்டார். பழகிவிட்டால் அவள் கையைப் பிடிக்க மாட்டாளே என்பார், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல்.

போன வருடம் அத்தை போய்ச் சேர்ந்தார். நாத்தனார் அடக்கப் பூசைக்கு வந்து, வந்தவர்களையெல்லாம் உபசரித்து, கல் மாதிரி நின்றாள். எல்லோரும் போன பிறகு வாசலில் இந்தப் பூட்ஸைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பி, தேய்ந்துபோன விரல் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவு திறக்கும்படி அழுதாள். கிளம்பும்போது எடுத்துப் போகச் சொன்னேன். "இங்கயே இருக்கட்டும் அண்ணி. கழுவிடாதீங்க" என்றாள்.

கழுவவில்லை. அடுத்த மாதம் நான் அவளிடம் போகிறேன். இப்போது என் முழங்காலும் முனக ஆரம்பித்திருக்கிறது. தினமும் விடிகாலையில் அந்தப் பூட்ஸைத் தாண்டிப் போய்ப் படியேறுகிறேன். உச்சி மாடியில் பொத்தானை அமுக்கி, லிஃப்டில்தான் கீழே வருகிறேன்.