லின்சி ப்ரௌஸின் பீரும் மோஸ்கீல் நத்தைகளும்

மோஸ்கீல் ஊர்க் கம்பளி ஆலையில் காலமெல்லாம் தறி பழுது பார்த்த லின்சி ப்ரௌஸ் ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் கடிகாரம் கொடுக்கவில்லை. வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய், முளைகட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட் பாகு ஒரு டப்பா, ஒரு பொட்டலம் ஈஸ்ட், பாட்டிலுக்கு மூடி அடிக்கும் கருவி. பாகை வெந்நீரில் கரைத்து, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, ஆறியதும் ஈஸ்டைத் தூவிப் பொறுமையாக இருக்க வேண்டும். அந்தக் கடைசிச் சரக்கு மட்டும் லின்சியிடம் கிடையாது.

சொன்ன அளவுக்கு இரண்டு மடங்கு சர்க்கரை போட்டார். பீப்பாயைக் கழுவச் சொன்னால், "உள்ளே போறதே வெந்நீர்தானே?" என்றார். நுரை அடங்கும் முன்பே பாட்டிலில் அடைத்தார். குளிருக்குப் பயந்து, வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் பீப்பாயை ஏற்றினார். அங்கே இருந்த துண்டுகளும் போர்வைகளும் சோபாவுக்குக் குடிபெயர்ந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், துணி துவைக்கும் அறையில் டமாரென்று சத்தம். அவர் மனைவி நோயலீன் கையிலிருந்த முள்கரண்டியை நழுவவிட்டாள்.

"லின்சி! என்னய்யா அது?"

"ஒரு பாட்டில் வெடிச்சிருக்கும். சரக்குல வீரியம் இருக்குன்னு அர்த்தம்."

"வீரியம் என் உள்பாவாடை பூரா வழியுது. நீயே துவை."

அந்த பீரின் ருசி, நனைந்த கம்பளியை வெல்லப் பாகில் ஊறப்போட்டுப் பிழிந்தது போல இருக்கும். ஆனால் எங்கள் தெற்குச் சீமையில், கொடுத்ததை முகத்துக்கு நேரே குறை சொல்லும் வழக்கம் இல்லை. "மோசமில்லே" என்போம். பிள்ளை டாக்டருக்குப் படித்துத் தேறினாலும் மோசமில்லே. கூரை காற்றில் பறந்தாலும் மோசமில்லே. லின்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தெரு முழுக்க பாட்டில்களை விநியோகித்தார்.

பக்கத்து வீட்டு நைரி டெய்ட் மதுவைத் தொடாத விதவை. அவளுக்கு இருந்த ஒரே போதை டாலியாப் பூ. அந்த டாலியாவுக்கு இருந்த ஒரே எமன் ஓடில்லாத நத்தை. ராத்திரியில் ஊர்ந்து வந்து இளந்தளிரைச் சல்லடையாக்கிவிடும். லின்சி கொடுத்த பீரை என்ன செய்வதென்று தெரியாமல், தட்டுகளில் ஊற்றிப் பாத்தியில் வைத்தாள். விடிந்து பார்த்தால், ஊரிலுள்ள நத்தைகளெல்லாம் வாசனைக்கு வந்து விழுந்து, குடித்தே செத்துக் கிடந்தன.

செய்தி வேலி தாண்டிப் பரவியது. முட்டைக்கோஸ் போட்டவர்கள், கீரை போட்டவர்கள் எல்லாரும் லின்சி வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

"லின்சி, உன் பீர் இன்னும் ரெண்டு பாட்டில் கெடைக்குமா?" என்று கேட்டார் எதிர்வீட்டுக் கிளாரி பெக்.

"போன வாரம்தானே நாலு கொண்டுபோனே? பார்த்துக் குடிப்பா, கிளாரி. ஈரல் என்னத்துக்கு ஆகும்?"

"எங்க வீட்ல நெறைய பேரு," என்றார் கிளாரி. பொய் சொல்லவில்லை.

லின்சி இரண்டாவது பீப்பாய் வாங்கினார். நடையே மாறிவிட்டது. கடைத்தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் பீர் பற்றி ஆலோசனை சொன்னார். அந்த பீரெல்லாம் எங்கே போகிறதென்று நோயலீனுக்குத் தெரியும். வேலையை விட்ட முதல் மாதம் ஜன்னலோரம் வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன் இப்போது சீட்டியடிக்கிறார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கோடையின் முடிவில் மலர்க் கண்காட்சி. நைரியின் டாலியாவுக்கு முதல் பரிசு. மேடையில் கோப்பையை நீட்டிய தலைவர், "ஒரு ஓட்டை இல்லையே இலையில! என்ன ரகசியம், நைரி?" என்று கேட்டார்.

சந்தோஷத்தில் நைரிக்குச் சபை மறந்துபோனது. "எல்லாம் லின்சி பீரோட புண்ணியம்! மோஸ்கீல்ல அதைக் குடிச்சுட்டு எந்த நத்தையும் உசிரோட திரும்பினதில்லே!"

மண்டபம் அதிரச் சிரித்தது. மூன்றாவது வரிசையில் லின்சியும் சிரித்தார். காது மட்டும் நெருப்பாய்ச் சிவந்திருந்தது.

காரில் ஏறியதும், "உனக்கும் தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"நீயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பே. விட்டா மறுபடி ஜன்னலண்டை உக்காருவே," என்றாள் நோயலீன்.

அவர் விடவில்லை. பீப்பாயைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்தார். சர்க்கரையை அளந்து போட்டார். நுரை அடங்கும்வரை காத்திருந்து, பாட்டிலில் அடைத்த பிறகும் குளிர்காலம் முடியும்வரை தொடாமல் வைத்திருந்தார். தெளிந்த தேநீர் நிறத்தில் வந்தது. முதல் மிடறு குடித்த நோயலீன் மிச்சத்தையும் ஒரே மூச்சில் காலி செய்தாள். கோப்பையை மறுபடி நீட்டினாள். லின்சி யாரிடமும் எதுவும் சொல்லாமல், வழக்கம்போல் தெருவுக்குப் பங்கு வைத்தார். தெருவும் வழக்கம்போல் அதை மண்ணில் கொண்டுபோய் வைத்தது.

ஒரு வாரத்தில் நைரி வந்து வாசலில் நெளிந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க லின்சி. இந்தத் தடவை பீர்ல ஏதோ கோளாறு. ஒரு நத்தைகூட எட்டிப் பாக்கலே. செடியெல்லாம் போச்சு."

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?"

"நானா? ஐயய்யோ! கிளாரிகூட, நாறவே மாட்டேங்குது, கெட்டுப்போச்சுன்னுட்டு மொத்தத்தையும் சாக்கடையில கொட்டிட்டாரு."

வாழ்நாளிலேயே லின்சி செய்த ஒரே நல்ல பீர் சாக்கடைக்குப் போயிருந்தது. திட்ட வாயெடுத்தவர் நைரியின் முகத்தைப் பார்த்தார். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது.

"உங்களுக்கு அந்தப் பழைய சரக்குதான் வேணுமா?"

"கெடைக்குமா? அதைச் செய்ய உங்களை விட்டா யாரு இருக்கா?"

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிறகு நோயலீன் எங்களிடம் சொன்னது: "மூஞ்சியைப் பாக்கணுமே, பட்டம் வாங்கின மாதிரி!" மறுநாளே ஒரு பீப்பாயைக் கழுவாமல் எடுத்துச் சர்க்கரையை மூட்டையோடு கவிழ்த்தார். இன்னொன்றை நன்றாகத் தேய்த்து, தனக்கும் மனைவிக்கும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்த இரண்டாவது பீப்பாயைப் பற்றித் தெருவில் யாரும் கேட்கவுமில்லை, அவரும் சொல்லவில்லை.