மூன்று மீட்டர் குறைந்த மைதானம்

மைதானத்தில் எல்லோருக்கும் அவர் நூல்காரர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு நூல்கண்டு கிடக்கும். நாட்டின் முதல் பிரிவு லீக்கில் ஆடும் ஓர் அணியின் சொந்த மைதானம் அது. அங்கே புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, கோடு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கிழக்குக் கேலரிக்குக் கான்கிரீட் படி கட்ட வந்த கொத்தனார் கூட்டத்தில் ஒருவராக உள்ளே நுழைந்தவர். மற்றவர்கள் வேலை முடிந்து போனார்கள், இவர் தங்கிவிட்டார். கால்பந்து தெரியாது. ஆனால் சுவரில் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் கண்ணில் உறுத்தும். அந்தக் கண்ணோடு தரையைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டார்.

குடியிருப்பும் அதே கேலரிக்கு அடியில்தான். இரண்டு அறை. கூரை படிப்படியாக இறங்கும். அடுப்படியில் நிமிர்ந்து நிற்கலாம், படுக்கிற இடத்தில் குனிய வேண்டும். மேலே ஆயிரம் பேர் ஒன்றாகக் குதித்தால் கூரையிலிருந்து சுண்ணாம்புத்தூள் உதிரும். நம் அணி கோல் போட்டதை அவர் மனைவி அந்தத் தூளை வைத்தே தெரிந்துகொள்வாள். போன வருஷம் வரைக்கும் ஆட்ட நாளில் பால் பாத்திரத்தை மூடித்தான் வைப்பாள்.

"இந்த வருஷம் மூடியே தேவைப்படலடா" என்றாள் தம்பியிடம். தம்பிதான் அணியின் பஸ்ஸை ஓட்டுகிறவன்.

"கோலே இல்லேன்னா தூளு எங்கக்கா வரும்? வெளியூர்ல ஆடுற லட்சணத்த நீ பார்க்கணும். போறப்ப பஸ்ஸுல ஒரே பாட்டு. வர்றப்ப இஞ்சின் சத்தம் மட்டும்தான்."

மொத்தம் பதினெட்டு அணி, முப்பத்துநாலு ஆட்டம். கடைசி மூன்று அணிகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். முதல் ஏழு ஆட்டத்தில் நம் அணிக்கு ஒரே ஒரு வெற்றி. நடுவில் கோச்சை மாற்றினார்கள். புதிய கோச் வந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினார், பிறகு அதுவும் வழுக்கியது. இருபத்தைந்தாவது ஆட்டம் தோற்ற மறுநாள் மேனேஜர் ஊழியர்களைக் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அணி இறங்கினால் மைதானப் பராமரிப்பு வெளி ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். கேலரிக்கு அடியில் இருக்கும் வீடு கிடங்காகிவிடும்.

அன்றிலிருந்துதான் நூல்காரர் புள்ளிப் பட்டியலைப் பார்க்கத் தொடங்கினார். அதுவரை அவர் ஆட்டத்தையே பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும்போதும் தரையைத்தான் பார்ப்பார். யார் எங்கே கால் ஊன்றித் திரும்புகிறான், எங்கே புல் பிய்கிறது என்பதுதான் அவருக்கு ஆட்டம். இடது ஓரத்தில் ஆடுகிறவனை ரசிகர்கள் வெட்டுக்கிளி என்பார்கள். ஒல்லிக் கால், பாய்ச்சலான ஓட்டம். பக்கக்கோட்டுக்கு ஒரு கை தூரம் உள்ளே, கோடு கிழித்த மாதிரி எப்போதும் ஒரே தடத்தில் ஓடுவான். கீழே பார்க்கவே மாட்டான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதால் மேற்கிலும் கிழக்கிலுமாக இரண்டு இடத்தில் ஒற்றையடிப்பாதை போலப் புல் செத்துக் கிடக்கும். திங்கள்தோறும் அந்த இரண்டு தடத்திலும் விதை தூவி மண் அணைப்பது நூல்காரரின் முதல் வேலை.

"உன் காலுக்கு இரும்பு லாடமா அடிச்சிருக்கு? என் புல்லைச் சாகடிக்கிறியே" என்பார்.

"கோல் வேணுமா, புல் வேணுமாண்ணே?"

"கோல் எங்கடா போட்ட நீ?"

அவன் சிரித்துக்கொண்டே ஓடிவிடுவான். கோபித்துக்கொண்டதில்லை.

முப்பத்துமூன்று ஆட்டம் முடிந்தபோது நம் அணி, இறங்கும் மூன்றுக்கு ஒரே ஒரு படி மேலே நின்றது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். சமன் செய்தாலே தப்பிக்கலாம். தோற்று, கீழே நிற்கும் அணி வேறு வென்றுவிட்டால் போச்சு. எதிராளி மூன்றாவது இடத்தில் இருந்த அணி. இரண்டு ஓரங்களையும் அகல விரித்து ஆடிக் கிழிக்கிறவர்கள்.

செவ்வாய்க்கிழமை கோச் மேனேஜரோடு கருவி அறைக்கு வந்தார். பஸ்கூடக் கழுவி முடிக்காத காலை நேரம்.

"பெரியவரே, மைதானம் எவ்வளவு அகலம்?"

"அறுபத்தெட்டு மீட்டர்."

"அறுபத்தஞ்சு ஆக்கணும். ரெண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் உள்ள தள்ளுங்க. ஓடறதுக்கு இடம் இல்லேன்னா அவனுங்க திணறிடுவானுங்க."

"சீசன் ஆரம்பத்துலயே அளவு எழுதிக் கொடுத்திருக்கோமே. மாத்தினா லீக்குக்குத் தெரியப்படுத்தணும்ல சார்?"

"கடிதத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் மேனேஜர். "நீ கோட்டைப் பாருய்யா."

"ஆட்டக்காரங்களுக்கு?"

"யாருக்கும் வேண்டாம்" என்றார் கோச். "இவனுங்கள்ல நாலு பேர் அந்த அணிக்காரங்களோட தினமும் போன்ல பேசுறவனுங்க. இந்த வாரம் பயிற்சியை வேற மைதானத்துல வெச்சுக்கறேன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

மேனேஜர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "உன் பொண்ணு பத்தாவதுதானே? இந்த நேரத்துல வீடு மாத்திக்கிட்டு இருக்க முடியுமா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

தன் கண்ணைக்கூட நம்பாமல் நூல் பிடித்துப் பார்க்கிற மனிதர், அன்று வாய்வார்த்தையை நம்பினார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோடு நகர்ந்திருக்காது என்பது அவருக்கும் உள்ளூரத் தெரியும்.

வியாழனும் வெள்ளியும் வாசல்களைப் பூட்டிக்கொண்டு ஒற்றை ஆளாக வேலை செய்தார். பழைய கோட்டுப் புல்லை ஒட்ட வெட்டி அதன் மேல் பச்சைச் சாயம் பூசினார். இரண்டு முனைக்கும் முளை அடித்து, நூல் கட்டி, புதுக் கோடு இழுத்தார். மூலைக் கொடிகளை நகர்த்தினார். அவசரத்துக்குச் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது. வெட்டுக்கிளியின் தடம் இரண்டும் இப்போது கோட்டுக்கு வெளியே கிடந்தன. திங்கட்கிழமை தூவிய விதை அதில் ஊசி ஊசியாய் முளைவிட்டிருந்தது. இந்த ஒரு ஆட்டமாவது மிதிபடாமல் தப்பித்ததே என்று அவருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்தத் தடத்தில் ஓடுகிறவனைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியது. திட்டம் பலிக்கத்தான் செய்தது. எதிரணி ஓரத்தில் பந்தை வாங்கித் திரும்புவதற்குள் நம் ஆட்கள் மூடினார்கள். ஆனால் பதினைந்தாவது நிமிஷம் வெட்டுக்கிளி பந்தோடு பாய்ந்தபோது லைன்ஸ்மேன் கொடி உயர்ந்தது. பந்து வெளியே. முப்பத்தேழாவது நிமிஷம் இன்னொரு தடவை. கேலரி அவனைப் பார்த்து ஊளையிட்டது. நூல்காரர் அவன் காலைப் பார்த்தார். முளைவிட்ட புல்லின் மேல், ஒரு அங்குலம் பிசகாமல், தன் பழைய தடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

பாதி ஆட்டத்தில் அவன் நேராக அவரிடம் வந்தான்.

"அண்ணே, கோட்டுல ஏதாவது மாத்தமா? கால் கணக்கே தப்புது."

இரண்டடி தள்ளி மேனேஜர் நின்றார். கோச் உள்ளே போய்விட்டிருந்தார்.

"கோடு கோடாத்தான் இருக்கு. போய் ஆடு தம்பி" என்றார் நூல்காரர்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அவர் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

எழுபத்தோராவது நிமிஷம் எதிரணி கார்னர் அடித்து ஒரு கோல் போட்டது. மூலைக் கொடி ஒன்றரை மீட்டர் கிட்டே வந்திருந்ததை நூல்காரரைத் தவிர யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எண்பத்தேழாவது நிமிஷம் வெட்டுக்கிளி கிழக்கு ஓரத்தில் இரண்டு பேரைக் கடந்தான். கோலை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடி, பந்தைத் தூக்கிப் போட்டான். நடுவில் நின்றவன் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். கேலரி எழுந்து குதித்தது. அடியில் அவர் மனைவி அடுப்பில் இருந்ததை அவசரமாக மூடினாள்.

கொடி முன்பே உயர்ந்திருந்தது. தூக்கிப் போடும் முன் பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியிருந்தது. கோல் செல்லாது. வெட்டுக்கிளி அப்போதுதான் குனிந்து பார்த்தான். தடத்துக்கு ஒரு கை வெளியே புல் பச்சையாக இல்லை, சாயப் பச்சையாக இருந்தது. பூட்ஸால் தேய்த்தான், வெள்ளை தெரிந்தது. நிமிர்ந்து கூட்டத்தில் நூல்காரரைத் தேடினான்.

ஒன்றுக்குச் சுழியம். கீழே நின்ற அணி வேறு ஊரில் வென்றது. முதல் பிரிவில் பதினொரு வருஷம் ஆடிய அணி இறங்கியது.

அன்று மாலையே வெட்டுக்கிளி பத்திரிகைக்காரர்களிடம் கோடு நகர்ந்திருக்கிறது என்று சொன்னான். ஆட்டம் தெரியாதவனுக்குத் தரை கோணல் என்று மறுநாள் கேலி எழுதினார்கள். செவ்வாயன்று லீக் ஆட்கள் வந்து அளந்தார்கள். அறுபத்தைந்து. மாற்றியதாகக் கடிதம் எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றார்கள். கோச் அதற்குள் வேறொரு முதல் பிரிவு அணியில் சேர்ந்திருந்தார், போனை எடுக்கவில்லை.

மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அளவெடுத்ததில் தன் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டதாக மைதான ஊழியர் ஒப்புக்கொள்ளும் தாள்.

"நான் தப்பா அளக்கல சார். நீங்க சொன்னபடி அளந்தேன்."

"யார் சொன்னா? காகிதம் இருக்கா?"

நூல்காரர் தாளை வாங்கி மடித்தார்.

"இதோ பாருய்யா, கையெழுத்துப் போட்டா வேலையும் நிக்கும், வீடும் நிக்கும். ஒப்பந்தக்காரன் பேச்சை நான் ஒத்திப்போடுறேன். போடலேன்னா வேணும்னே மாத்தினேன்னு ஆகும். எது நல்லதுன்னு வீட்டுல கேட்டுட்டு வா."

வீட்டில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கொதித்தான். "போடாதீங்க மாமா. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு விரற்கடை தப்பாத ஆளு நீங்க. அந்தாளு மூஞ்சியில கிழிச்சுப் போட்டுட்டு வாங்க."

"எங்க தங்குறது, உன் பஸ்ஸுலயா?" என்றாள் அவர் மனைவி.

"நீ என்னடி சொல்ற?" என்று கேட்டார் நூல்காரர்.

அவள் தாளைத் தொடவேயில்லை. "அந்தப் பையன் வந்து கேட்டப்ப, கோடு கோடாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே, அப்பவே கையெழுத்துப் போட்டாச்சுங்க. இனிமே என்ன, பேரை எழுதுறதுதான் பாக்கி."

எழுதிக் கொடுத்தார்.

வெட்டுக்கிளி தன் சாமான்களை எடுக்க வந்த அன்று நூல்காரர் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காலை மூணு அடி உள்ள வெச்சிருப்பேன். அவ்வளவுதானேண்ணே" என்றான்.

அவர் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அவன் போய்விட்டான். அடுத்த வருஷம் அவனை எந்த முதல் பிரிவு அணியும் எடுக்கவில்லை. கோடு தெரியாதவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் பிரிவின் முதல் ஆட்டத்துக்கு லீக் ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பிழை நடந்த மைதானம் என்பதால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நடுவரே நேரில் அளக்க வேண்டும். பாதி காலியான கேலரிக்கு முன்னால் நடுவர் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நூல்காரரிடம் கொடுத்தார். அவர் எதிர்க்கோடு வரை நடந்து போய்ப் பிடித்தார். அறுபத்தெட்டு. இம்மி பிசகவில்லை.

நடுவர் கையிலிருந்த குறிப்பைப் பார்த்தார். "போன வருஷம் தப்பா அளந்தது யாரு?" என்று அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"நான்தான் சார்."

"அப்போ இன்னொரு தடவை பார்த்துடலாம். முனையை என்கிட்ட கொண்டு வாங்க, நானே போய்ப் பிடிக்கிறேன்."

நூல்காரர் முனையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி நடந்தார்.