தயிர்சாதத்தில் பெருங்காயம்

ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால், செய்தித்தாள், குளியல். ஏழு மணிக்குத் தயிர்சாதம் கலந்தேன். அன்றைய டைரிக் குறிப்பில் வழக்கத்துக்கு மாறாக இரண்டே சொற்கள்: "இரண்டு டப்பா."

இரண்டாவது டப்பா எங்கள் தி.நகர் அலுவலகத்தின் சூப்பிரண்டு மேடத்துக்கு. நாங்கள் பத்துப் பேர் சாப்பாட்டு அறையில் கறி, கூட்டு மாற்றிக்கொள்ளும்போது அவர் மட்டும் தம் மேசையிலேயே, வீட்டுக் கரண்டியோடு, தனியாகச் சாப்பிடுவார். ஆயுதபூஜைச் சுண்டலைக்கூடத் தொடமாட்டார். "இன்னா சார், நம்ம கை பட்டாலே மேடத்துக்குத் தீட்டு போல கீது" என்பார் தபால் பிரிவுக்காரர். மயிலாப்பூர்க் குடும்பம் என்பதால் எல்லோரும் நம்பினோம். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கையில்தான் நேரில் கேட்டேன். "மடியெல்லாம் இல்ல சார். கோதுமை எனக்கு ஆகாது. சப்பாத்தி மாவு பட்ட கரண்டியே போதும், குடல் புண்ணாயிடும். சொன்னா, அப்ப பூரி சாப்பிடுங்கோங்கறா."

மனைவி போனபின் கோபாலபுரம் வீட்டில் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறவன் நான். புதுப் பாத்திரம், புதுக் கரண்டி வாங்கினேன். தயிர் பாக்கெட்டின் எழுத்துகளை இரண்டு முறை படித்தேன்.

டப்பாவைத் திறந்ததும், "பெருங்காயம் போட்டிருக்கேளா?" என்றார்.

"அது இல்லாம தயிர்சாதமா மேடம்?" பெருமையாகத்தான் சொன்னேன்.

ஒரு கணம் டப்பாவையே பார்த்தார். பிறகு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். எதிரில் நானும் சாப்பிட்டேன். மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

மாலையில் சமையலறையிலிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். பெருங்காய டப்பாவின் அடியில், எறும்பு வரிசைபோல் பொடி எழுத்தில்: கோதுமை மாவு. கோப்பில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிறவன், அதை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

கோதுமை கலக்காத பெருங்காயம் இப்போது அடையாற்றுக் கடைகளில் கிடைக்கிறது. மேடம் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். அந்த மேசையில் இன்னொருவர் இருக்கிறார்.

அந்த ஜூன் 13 காலை, பால் வாங்கும் முன்பே மேடத்துக்குப் போன் செய்தேன்.

"பெருங்காய டப்பாவைப் படிக்காம விட்டுட்டேன் மேடம்."

"நான் படிச்சிருக்கேன் சார்." குரல் மிகவும் மெலிந்திருந்தது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல எனக்குன்னு ஒருத்தர் சமைச்சு எடுத்துண்டு வந்ததில்ல. வேண்டாம்னு சொல்ல மனசு வரல. அடுத்த தடவை பெருங்காயம் மட்டும் போடாதீங்கோ."