மூன்றாவது போட்டியில் கண்ட முகம்

அது ஒரு கடவுச்சீட்டு அளவுப் படம். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். லண்டனுக்குப் படிக்கப் போவதற்காக என் தம்பி கல்முனை பஸாரில் எடுத்த படங்களில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பின்புறத்தில் அவன் பெயரை எழுதி, அறிவிப்பாளர் நானாவின் கோட்டுப் பையில் என் கையாலேயே வைத்தேன்.

நானா என்று அழைத்தாலும் அவர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் அல்ல. கல்முனைக்குடியில் எங்கள் தெருக்காரர். கொழும்பில் ஒரு தனியார் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை செய்துகொண்டிருந்தார். ஆறு ஓட்டம் போனால், "பந்து மீன்வாடியையும் தாண்டிப் போகிறது நேயர்களே" என்பார். எங்கள் கடற்கரை மீன்வாடியைத்தான் சொல்கிறார் என்று ஊரே பூரித்துப்போகும். அந்த வருடம் நமது தேசிய அணி ஐந்து ஒருநாள் போட்டிகளுக்காக இங்கிலாந்துக்குப் போனது. அணியோடு தானும் போவதாக நானா சொன்னார். விளையாட்டுக் கழகத்தில் மாலை போட்டு வழியனுப்பினார்கள். கூட்டத்தில் பேசப் பழகாதவன் நான். எல்லாரும் கலையும்வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் அவரிடம் போனேன்.

தம்பி தொலைபேசியில் கதைத்து இரண்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. "வேல மாறப்போறன் காக்கா, நம்பரும் மாறும், நானே எடுக்கன்" என்று அண்ணனான என்னிடம் சொன்னதுதான் கடைசி. உம்மா திங்களும் வியாழனும் நோன்பு பிடித்து அவனுக்காகத் துஆக் கேட்டா. தம்பி எங்கள் கழகத்தின் இடதுகைப் பந்துவீச்சாளன். நமது அணி அங்கே ஆடினால் போட்டிருக்கும் சட்டையை விற்றாவது மைதானத்துக்கு வந்துவிடுவான் என்று நம்பினேன். அதைத்தான் நானாவிடம் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

"கேலரி கேலரியாத் தேடுவன்டா. கண்டா காதப் புடிச்சு முறுக்கி உம்மாவோட கதைக்க வைப்பன்."

மூன்றாவது போட்டிக்கு மறுநாள் அவருடைய அழைப்பு வந்தது. உம்மா தொலைபேசியை இரண்டு கைகளாலும் காதில் அழுத்திக்கொண்டா. பக்கத்தில் நின்ற எனக்கும் நானாவின் குரல் கேட்டது.

"மாமி, கண்டன் மாமி! கொஞ்சம் தடிச்சிருக்கான், தாடி வச்சிருக்கான். கதையன்டா எண்டன், வெக்கப்படுறான். கெதியா எடுப்பானாம்."

"சாப்புடுறானாமா? குளிருக்கு உடுப்பு இரிக்காமா?" என்று உம்மா கேட்டா.

"எல்லாம் இரிக்கு மாமி. அல்ஹம்துலில்லாஹ்!"

அன்று பின்னேரம் அண்டை வீடுகளுக்கெல்லாம் பாற்சோறு போனது. லண்டனில் உள்ள ஒரு பள்ளிவாசலுக்குத் தம்பியின் விபரங்களை எழுதி, எங்கள் பள்ளிவாசல் செயலாளரிடம் ஒப்பமும் வாங்கி ஒரு கடிதம் வைத்திருந்தேன். அதை அனுப்பவேண்டாம் என்றா உம்மா. "புள்ள சுகமா இரிக்கான். பொலிஸ்காரன் மாதிரித் தேடினா ரோசப்படுவான். கிழிச்சுப் போடு மனே." நான் கிழிக்கவில்லை. மேசைக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஐந்தாவது போட்டியன்று கொழும்பில் இருந்தேன். மருதமுனைத் தறிகளில் நெய்த சாரங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். அன்று கொண்டுபோனதில் மிக நல்ல சாரம் ஒன்றை நானாவுக்கென்று எடுத்து வைத்தேன். அவர் திரும்பி வந்ததும் கொடுக்கும்படி வானொலி நிலையத்தில் விட்டுவரலாம் என்பது எண்ணம். போகும் வழியில் ஒரு கடையில் அவர் குரல் கேட்டது. மைதானத்தில் கடுங்குளிர் என்றும், கோட்டின் கொலரை உயர்த்திக்கொண்டு இருக்கிறேன் என்றும் சொன்னார். மஃரிப் தொழுதுவிட்டு நிலையத்துக்குப் போனேன்.

"அவரா? மேலதான் இருக்கார். பிரேக் விட்டா டீ குடிக்க வருவார்" என்றார் காவலாளி.

சற்று நேரத்தில் படியிறங்கி வந்தார் நானா. பழைய சாரம், ரப்பர் செருப்பு, கையில் கடித்த மாலுபாண். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததை விழுங்க முடியாமல் நின்றார்.

"யா அல்லாஹ்! நீ எப்படா வந்த?"

பார்சலை நீட்டினேன். எதற்காக நீட்டினேன் என்று இன்றும் விளங்கவில்லை.

"விசா தரல்லடா. ஊரே மாலை போட்டு அனுப்பிச்சு. எந்த மூஞ்சோட திரும்பி வாற? இஞ்ச டீவியப் பாத்துத்தான் சொல்றன்."

"தம்பி?" என்றேன்.

"உன்ட உம்மா எங்கட ஊட்டுக்கு நாள் தவறாம வந்து அழுறாவாம். கேக்க ஏலாமத்தான் சொன்னன். ஒரு சொல்லுல சிரிச்சாவா இல்லையா? அதால ஆருக்கு என்ன நட்டம்?"

"படத்தையாவது தாங்க நானா."

அவர் தலையைச் சொறிந்தார். "அது இரவல் கோட்டுடா. திருப்பிக் குடுத்திட்டன்."

மேலே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். உம்மாவிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டு ஓடினார். பார்சலையும் கொண்டு போனார். காவலாளியின் வானொலியில், குளிர் இன்னும் குறையவில்லை என்று அதே குரல் சொல்லத் தொடங்கியது.

லண்டன் போனதாகப் பொய் சொன்னதைப் பொறுத்திருப்பேன். கேட்டுச் சிரித்தும் இருப்பேன். ஆனால் தம்பியைத் தேடுகிறேன் என்று அவர் என் தோளைப் பிடித்த இடம் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஊருக்கு வந்ததும் உம்மாவுக்குத் தெரியாமல் அந்தக் கடிதத்தை அனுப்பினேன். நான்கு மாதங்களில் பதில் வந்தது. பள்ளிவாசல் செயலாளர் என்னை ஒதுக்கமாக அழைத்து வாசித்துக் காட்டினார். தம்பி நெஞ்சுச் சளி முற்றி மௌத்தாகிவிட்டான். வீட்டு விலாசம் எவருக்கும் தெரியாததால் அங்குள்ள ஜமாஅத்தாரே அடக்கம் செய்திருக்கிறார்கள். மூன்றாவது போட்டி நடந்தபோது அவன் கப்றுக்குள் போய் ஒரு வருடம் கழிந்திருந்தது.

கடிதத்தோடு வீட்டுக்குப் போனேன். என் பிள்ளைகளுக்கு உம்மா டொஃபி கொடுத்துக்கொண்டிருந்தா. போட்டிகள் முடிந்து ஊருக்கு வந்தபோது, தம்பி தந்துவிட்டதாகச் சொல்லி நானா கொண்டுவந்து கொடுத்த டின் அது. "சாச்சா அனுப்பினது, மெதுவாத் தின்னுங்க" என்றா. நாளைக்குச் சொல்லலாம் என்று கடிதத்தை மடித்தேன்.

அந்த நாளை இன்னும் வரவில்லை. என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நானா இப்போதும் வர்ணனை செய்கிறார். தெருவில் கண்டால், "உம்மா சுகமா?" என்று கேட்கிறார். சலாத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்.

இந்த வாரம் நமது அணி மறுபடியும் வெளிநாடு போயிருக்கிறது. உம்மா ஒரு கண்ணில் சத்திரசிகிச்சை செய்தவ. தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டிருந்தா. ஓட்டமும் விக்கெட்டும் அவவுக்குத் தேவையில்லை. பார்வையாளர் கூட்டத்தைக் காட்டும்போது மட்டும் கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்லுவா. "தாடி வச்ச புள்ளயப் பாரு மனே, எனக்குச் சரியாத் தெரியுதில்ல." தம்பி தாடி வைத்திருந்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது. பார்க்கிறேன் உம்மா என்றேன்.

மஃரிப் தொழுதபின் உம்மா கைகளை ஏந்தினா. மௌத்தாகிவிட்ட எங்கள் வாப்பாவின் கப்றை வெளிச்சமாக்கு என்று கேட்டா. அவவுடைய உம்மா வாப்பாவின் கப்றுகளுக்கும் கேட்டா. தன் மகனுடைய கப்றுக்கு மட்டும் கேட்கவில்லை. "என்ட சின்ன மகனுக்கு நீண்ட ஆயுச, ஹயாத்தக் குடு ரப்பே" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தா.

"ஆமீன் சொல்லு மனே."

சொன்னேன்.