மேல்மாடிக் குப்பை

தீவில் போய் வாழப்போகிறேன் என்று சென்னையில் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் திருகோணமலைக்கு வந்தேன். என் வேலை மடிக்கணினியில். எங்கே உட்கார்ந்து செய்தால் என்ன என்று நினைத்தேன். படங்களில் கடல் அப்படி ஒரு நீலமாக இருந்தது. படத்தில் நாற்றம் தெரியாது என்பது புத்தியில் உறைக்கவில்லை.

உப்புவெளியில் ஒரு விடுதியில் இரண்டு வாரம் இருந்தேன். பிறகு துறைமுகப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் மேல்மாடி வாடகைக்குக் கிடைத்தது. வந்த வாரமே என் தோல் கைப்பையில் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. குளியலறை வடிகாலிலிருந்து கரப்பான்கள் குடும்பம் குடும்பமாக ஏறி வந்தன. துணி காயாது; காய்ந்தாலும் உப்பில் பிசுபிசுக்கும். தலையணை நனைந்த நாய் மாதிரி நாறியது. மத்தியானம் காற்று திரும்பினால் மீன் கழுவிய தண்ணீரும் டீசல் புகையும் என் சோற்றுத் தட்டுக்கே வந்துவிடும். நான் ஒரு சுத்தக்காரி. ஒருவர் குடித்த தம்ளரை இரண்டு தடவை தேய்க்காமல் தொடமாட்டேன். என்னைக் கொண்டுபோய் அந்த ஈரத்துக்குள் போட்டால் எப்படி இருக்கும்!

கீழ்வீட்டில் வீட்டுக்காரி இருந்தார். ஐம்பது வயது, ஆஸ்பத்திரியில் தாதி, தனி ஆள். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். தினமும் காலையில் வாசலில் பலா இலையும் வாழைப்பழத் தோலும் போட்டுவைப்பார். அதைத் தின்ன ஒரு பெட்டைமான் வரும். அந்த ஊரில் புள்ளிமான்கள் தெருநாய்களைப் போலத் திரிகின்றன. பஸ் நிலையம், மீன் சந்தை, எங்கும். இந்த மானுக்கு ஒரு காது கிழிந்திருந்தது. அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டி வாசல் கேற்றுக்கு வெளியிலேயே நிற்கும்.

"ராவெல்லாம் வார்ட்டில நிண்டுட்டு வந்தாலும் இதைப் பார்த்தா எனக்குப் போதும் தங்கச்சி," என்பார் அக்கா. நான் தலையாட்டிவிட்டு மேலே போய்விடுவேன். அந்த மானின் வாயில் எந்நேரமும் எச்சில் வடியும். ஒருநாள் அது சோற்றுக்கடை பொலித்தீனைக் குதப்பிக்கொண்டு நிற்பதைப் படமெடுத்து, 'இதுதான் என் சொர்க்கத் தீவு, குப்பையைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத ஜனம்' என்று சென்னைத் தோழிகளுக்கு அனுப்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

குப்பையைப் பற்றி அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். மூடி போட்ட ஒரு வாளியைத் தந்தார்.

"சாப்பாட்டு மிச்சம், தோல், உக்கிறது எல்லாம் இதுக்குள்ள போடுங்கோ. பொலித்தீனைக் கழுவி வேற வையுங்கோ. ரெண்டையும் ஒண்டாக் கட்டி வெளியில வைக்காதீங்கோ, மான் இழுத்துப்போடும்."

இரண்டு நாள் போட்டேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் புழு. வெள்ளை வெள்ளையாக, சாவகாசமாக நெளிந்துகொண்டிருந்தது. மூடியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் மூன்று தடவை கை கழுவினேன். அதற்குப் பிறகு வாளியைத் தொடவில்லை. எண்ணெய்ப் பொட்டலத்தைக் கழுவவும் என்னால் முடியாது; வழுவழுப்பே ஆகாது. புளித்த தயிர்சாதம், தோல், பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முடிச்சு இறுக்கிப் போட்டு, சாயங்காலம் கேற்றில் மாட்டிவிடுவேன். காலையில் பை இருக்காது. நகரசபை வண்டி சீக்கிரம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனா, நினைக்க வசதியாக இருந்ததா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அந்த மான் எங்கள் வீட்டுப் பின்வளவில் வந்து படுத்தது. வயிறு ஊதியிருந்தது. அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். தண்ணீரைக் கையில் ஏந்தி வாயருகே கொண்டுபோனார்.

"இலையைத் தொடுதே இல்லை. எழும்பவும் ஏலாது போல," என்றார் என்னிடம். அழுதிருந்தார். மூன்றாம் நாள் காலை அது செத்துப்போனது.

மிருக வைத்தியர் வந்தார். என்ன காரணம் என்று பதிய நகரசபையிலிருந்தும் ஒருவர் வந்தார். வளவிலேயே வயிற்றைத் திறந்தார்கள். நான் மாடிப்படியின் அடியில் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். உள்ளிருந்து தேங்காய் அளவுக்கு ஒரு பொலித்தீன் உருண்டை வந்தது, பச்சைச் சளியில் ஊறி.

"இவ்வளவும் கிடந்தா தண்ணிகூட இறங்காது," என்றார் வைத்தியர். அதைக் குழாயடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

பெரும்பாலும் சோற்றுக்கடைப் பொலித்தீன் தாள்கள். அவற்றுக்கு நடுவில் என் காப்பித்தூள் பொட்டலம். ஒன்றல்ல, நாலைந்து. மயிலாப்பூர்க் கடையின் எழுத்து அழியாமல் இருந்தது. பாலில்லாத பிளேன்ரீ குடிக்கிற அந்தத் தெருவில் சிக்கரி கலந்த காப்பி குடிப்பவள் நான் ஒருத்திதான். காலைதோறும் அந்த வாசனை கீழே இறங்கும் என்று அக்காவே சொல்லியிருக்கிறார். இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு பைத்துண்டும் அவிழாமல் கிடந்தது. எனக்கு என்மேலேயே குமட்டியது. கரப்பானையும் புழுவையும் பார்த்து அப்படிக் குமட்டியதில்லை.

நகரசபைக்காரர் பொட்டலத்தைக் குச்சியால் புரட்டினார். "இது ஆர்ர வீட்டுக் குப்பை எண்டு தெரியுமோ? தெரிஞ்சா எழுதவேணும்."

அக்கா குனிந்து பார்த்தார். எழுத்தை வாசித்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"எங்கட வீட்டுக் குப்பைதான். என்ர பேரையே எழுதுங்கோ," என்றார்.

'என்னோடது' என்ற ஒரே சொல்தான். சொல்லியிருக்கலாம். நகரசபைக்காரர் தாளை நீட்டினார். அக்கா கையைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் அக்கா என்னைப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"இந்த நாத்தம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது தங்கச்சி. நீங்கள் மேல போங்கோ."

நான் மேலே போனேன்.