தாடையைப் பிடிக்கச் சொன்னேன்

ஜவ்வாது மலையில் என் வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளுக்குப் போனில் கார்ட்டூன் ஓடவிட்டு, பார்க்கும் முகத்தை இரண்டு நிமிடம் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கண் எங்கே நிற்கிறது, கை எப்படி அசைகிறது என்று கம்ப்யூட்டர் கணித்து, ஆட்டிசம் இருக்கலாம் என்று தோன்றுகிற பிள்ளைகளைப் பட்டியல் போடும். பட்டியலில் வந்தால் கீழே டாக்டரிடம் அழைத்துப் போவோம். படம் எடுக்கும்போது பிள்ளையை யாரும் தொடக் கூடாது. பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

சாமை விதைக்கிற ஒரு வீட்டில் நாலு வயதுப் பெண். பேச்சு இல்லை. "டாக்டராண்ட காட்டணும் சார், இன்னான்னே புரியல" என்றாள் அவள் அம்மா. குழந்தை போனைப் பார்க்கவே இல்லை. 'முகம் தெரியவில்லை' என்று நாலு முறை படம் திரும்பி வந்தது. ஒடுகத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"தாடைய புடிச்சி போன் பக்கமா திருப்புங்கக்கா" என்றேன். அவள் பிடித்தாள். விரல் தெரியாதபடி படத்தை வெட்டி அனுப்பினேன்.

பட்டியலில் அந்தப் பெண் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் வேலை போகும். வாயை மூடிக்கொண்டேன். மூடியதோடு விட்டேனா, "நல்லா இருக்குன்னு வந்துடுச்சிக்கா" என்றும் சொன்னேன். சந்தோஷத்தில் பலாச்சுளை கொடுத்தாள். வெட்கங்கெட்டவன், தின்றேன்.

ஆறு மாதம் கழித்து வேறொரு பிள்ளைக்காக அதே ஊருக்குப் போனேன். அந்த அம்மா மகளின் தாடையை இறுக்கிப் பிடித்திருந்தாள். குழந்தை திமிறி அழுதது.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி தெனமும் என் மூஞ்சிய பாக்க வெக்கிறேன் சார். இன்னும் பேச்சுதான் வரல."

எனக்குக் கூசிப்போயிற்று. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். அவள் கையை எடுத்தாள்.

"அப்ப மிஷினு பாத்தது என் கையத்தானா?"

"ஆமாக்கா."

"எல்லாராண்டயும் எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிகினு இருந்தேனே சார்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. டாக்டரைப் பார்க்க நாளைக்கு எந்த பஸ்ஸில் போகணும் என்று என்னிடமே கேட்டாள்.