ஃபிட்டரின் தலைமுடி

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே முடி வளர்க்கும் மருந்தின் சொட்டுக்குழாயை உச்சந்தலையில் வகிடு வகிடாக நகர்த்துகிறார் ஃபிட்டர். எண்ணி முடியும்வரை வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது. பேசினால் கணக்குத் தப்பிவிடும், தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு தடவைக்கு ஒரு மில்லி என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. அது மருந்துக் கம்பெனியின் கஞ்சத்தனம் என்று முடிவுகட்டி, தானாகவே அதை இரண்டு மில்லி ஆக்கிக்கொண்டார். "செடிக்குத் தண்ணி ஊத்துறதுல கணக்குப் பாத்தா செடி வருமா?" என்பது அவர் வாதம். கண்ணாடியில் தெரியும் தன் தலையிடம்தான் இதைச் சொல்வார்.

தடவிய விரல்களைத் தோளில் கிடக்கும் துண்டில் துடைத்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். மருந்து காய அரை மணி நேரம் ஆகும். ஒரு நாளில் மனிதர் சும்மா இருப்பது அந்த நேரத்தில்தான். அதனால் சில மாதங்களுக்கு முன்புவரை, மனைவி கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள். "முட்டு, முட்டு! யாரு முட்டுறா? குட்டியா, அப்பாவா?" என்று ஈரத் தலையைக் குனிந்து அதன் நெற்றியில் முட்டுவார், கன்னத்தில் தேய்ப்பார், சட்டையைத் தூக்கி வயிற்றில் புரட்டுவார். குழந்தை மூச்சு வாங்கச் சிரிக்கும். காலையில் ஒரு தடவை, கடையிலிருந்து வந்ததும் சாயங்காலம் ஒரு தடவை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாக வேலை. லென்ஸை வட்டத்திலிருந்து சட்டத்தின் வடிவத்துக்குத் தேய்ப்பது, சூடு காட்டிக் காதுக் கம்பியை வளைப்பது, கடுகளவு திருகை இடுக்கியால் பிடித்து முடுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. முதலாளி முதல் வாசல் காவலாளி வரை அவரை ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கை சுத்தம், வாய் இனிப்பு. பாவம், அவர் பிழைப்பு நாலு சுவரிலும் கண்ணாடி பதித்த இடத்தில் அமைந்துவிட்டது. உட்கார்ந்திருப்பவர் காதில் சட்டம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்கக் குனிந்தாரென்றால், அவர் உச்சந்தலை வாடிக்கையாளரின் கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் புதுக்கண்ணாடியைப் போட்டதும் சொன்னாராம்: "சார், உங்க தலையில லைட்டு பட்டு என் கண்ணு கூசுது. கூலிங் கிளாஸா மாத்திக் குடுத்துருங்க." கடை முழுக்கச் சிரித்தது. ஃபிட்டரும் சிரித்தார். அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய்விட்டார்.

டாக்டரைப் பார்க்கவில்லை. "வழுக்கைக்கு டாக்டர் எதுக்கு? காய்ச்சலா அது?" முதல் மூன்று மாதம் இருந்ததும் கொட்டியது. சீப்பில் சுருண்டு வந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்து, "பழைய ஸ்டாக் போகுது, புது ஸ்டாக் வரும்" என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டார். அப்புறம் அரிப்பு வந்தது. சாதாரண அரிப்பு இல்லை. பேச்சின் நடுவே கை தானாக மேலே போகும். வாடிக்கையாளர் முன்னால் நகத்தால் சொறிய முடியாதே, அதனால் பழைய கண்ணாடிக் கம்பி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். யோசிப்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு அதன் நுனியால் உச்சியைச் சுரண்டுவார். சட்டங்களை அடுக்கிக் காட்டும் கறுப்பு வெல்வெட் தட்டில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். வாயால் ஊதிவிட்டு, "இது பாருங்க, உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று அடுத்ததை எடுப்பார். கறுப்புச் சட்டை போடுவதை விட்டுவிட்டார். தலைத்தோல் சில இடங்களில் சிவந்து தடித்திருக்கிறது. காலையில் கண்ணைச் சுற்றி வீங்கியிருக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். "வயசாகுதில்ல" என்பார். முப்பத்தாறு வயசு.

ஆனால் முடி வளர்ந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு, மெல்லிசாக, நிஜமான கறுப்பு முடி. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இல்லாதபோது முன்னால் ஒரு கண்ணாடியும் பின்னால் ஒரு கண்ணாடியும் வைத்து அதைப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட மனிதர் அவ்வளவு பூரிப்பாக இருந்ததில்லை என்று மனைவியே கேலி செய்திருக்கிறாள்.

குழந்தைக்கு நாலு மாதம் முடிந்தபோது அதன் நெற்றியில் முடி முளைக்க ஆரம்பித்தது. பிறந்த குழந்தைக்கு இருக்கும் பூனைமயிர் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது உதிராமல் கறுத்தது. புருவத்துக்கு மேலே, காதோரம், இரண்டு கன்னம், பிறகு வயிறு. குளிப்பாட்டினால் ஈரத்தில் படிந்து இன்னும் தெளிவாகத் தெரியும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் கொஞ்ச வந்த கையைப் பாதியில் நிறுத்தினார்கள். மனைவி குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிடப் பழகினாள். தடுப்பூசிக்குக் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய்வந்தாள்.

ஃபிட்டரின் அம்மாவுக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. "எங்க பக்கம் தலையில இருக்கறதே நிக்காது, மொகத்துல எங்க வளரப்போகுது? உன் கூடப்பொறந்தவ கையைப் பாத்தேனே, அப்பவே நெனச்சேன்." மருமகள் தன் மேலுதட்டைக் கண்ணாடியில் கிட்டத்தில் போய்ப் பார்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் குட்டிக் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. டாக்டர் குழந்தையின் அம்மாவைப் பார்த்து, "நீங்க ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடறீங்களா? க்ரீம் ஏதும் தடவறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள். அப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கடையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படிக்கிற கண்ணாடிக்கு வருகிறவர்களிடம், எழுத்து படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். வருஷக்கணக்காக ஒரே அட்டை. பாதிப் பேருக்கு அது மனப்பாடம், கண் தெரியாமலே கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். அதனால் ஃபிட்டர் ஒரு உபாயம் வைத்திருந்தார். தன் மருந்துப் பெட்டியில் மடித்து வரும் தாளை மாதம் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுப்பார். ஆறு மொழியில், எறும்பு சைஸ் எழுத்து. "இதைப் படிச்சிட்டீங்கன்னா உலகத்துல எதையும் படிச்சிரலாம்." ஊரையெல்லாம் படிக்கவைத்தவர் தான் ஒரு நாளும் அதைப் பிரித்துப் படித்ததில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் புதுக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளைப் பிரித்தார். எழுத்து தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் வகுப்பில் பாடம் வாசிப்பது போல, நிறுத்தி, உரக்க வாசித்தார். "மருந்து தடவிய தலைப்பகுதியும் கைகளும் கைக்குழந்தைகளின் தோலில் படாமல் பார்த்துக்கொள்ளவும். அவ்வாறு பட்ட குழந்தைகளுக்கு முகத்திலும் உடலிலும் மிகுதியான முடி வளர்ந்துள்ளது. தொடர்பைத் தவிர்த்தால் சில மாதங்களில் உதிர்ந்துவிடும்." கண்ணாடியைக் கழற்றாமல் நிமிர்ந்து, "அட, பளிச்சுனு தெரியுதுங்க! இன்னும் கீழ படிக்கட்டுமா?" என்றார்.

"போதும்மா" என்றார் ஃபிட்டர். இடுக்கியில் இருந்த திருகு கீழே விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் ரொம்ப நேரம் இருந்தார்.

அன்று சீக்கிரமே கிளம்பினார். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்: "உம்மேல எந்தத் தப்பும் இல்ல, எல்லாம் என்னாலதான்." சொல்லத்தான் போனார், அதில் சந்தேகமில்லை. வீட்டில் அம்மா கூடத்து நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் கேட்டு விசாரிச்சுட்டேன்டா. எல்லாம் தாய்ப்பால் வழியா வர்றதுதானாம். இன்னியோட பாலை நிறுத்தச் சொல்லிட்டேன். டப்பாப் பால் வாங்கிட்டு வா."

மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க, நிறுத்தணுமா?"

சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தார்.

பால் கட்டி மார்பு கல்லாகி, அவளுக்குக் காய்ச்சல் கண்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாலைப் பீய்ச்சித் தண்ணீரில் விட்டாள். அழுகை கேட்கக்கூடாது என்று குழாயைத் திறந்துவைத்தாள். குழந்தை பாட்டிலைத் தட்டிவிட்டுக் குளியலறைக் கதவைப் பார்த்து வீறிட்டது. இத்தனைக்கும் நடுவில் மனிதர் அடுத்த அறையில் நின்று பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆமாம், மருந்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் வளர்ந்தது அத்தனையும் மூன்று நாலு மாதத்தில் கொட்டிப்போகும்; அது அவருக்குத் தெரியும். திடீரென்று ஏன் நிறுத்தினீர்கள் என்று கேள்வி வரும், அதுவும் தெரியும். எனவே குழந்தையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். எது சுலபமோ அதைச் செய்தார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிடலாம், ஆனால் அப்படியும் இல்லை. தூங்கும் குழந்தையின் கால்மாட்டில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காக அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

அவரைப் பார்த்ததும் குழந்தை தவழ்ந்து வந்து, அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து, நெற்றியை நீட்டும். "அப்பாக்கு வேலை இருக்குடா" என்று காலை விடுவித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். மருந்து காயும் அரை மணி நேரத்துக்கு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார். மனைவி இரண்டு மூன்று தடவை கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கொடுக்கவில்லை. "உங்களுக்கும் இவளைப் பாத்தா அருவருப்பா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். "சேச்சே, என்ன பேச்சு இது" என்றார். அவள் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

இரண்டரை மாதத்தில் கன்னம் வெளுத்தது. வயிற்றில் இருந்தது துண்டில் ஒட்டிக்கொண்டு வந்தது. நெற்றி வழவழவென்று பளபளத்தது. பஸ்ஸில் பெண்கள் மறுபடி கையை நீட்டினார்கள். வீடே குதூகலப்பட்டது. ஃபிட்டரின் அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று எல்லோருக்கும் சொல்லி வந்தாள். "நான் சொன்னேனா இல்லையா? பாலை நிறுத்தினேன், எல்லாம் சரியாப் போச்சு." சொல்லிவிட்டு மருமகளைப் பார்த்துப் பெருந்தன்மையோடு, "போகட்டும், நீயும் வேணும்னா பண்ணே? உடம்பு வாகு அப்படி. அடுத்ததுக்கு மொதல்லயே டப்பாப் பால்தான், ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

மனைவி குழந்தையின் நெற்றியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். சந்தோஷமா துக்கமா என்று முகத்தில் தெரியவில்லை. மாமியார் எழுந்து உள்ளே போனதும், தாழ்ந்த குரலில், புருஷனிடம் மட்டும் கேட்டாள்.

"என்னங்க, நெஜமாவே என் பாலுதான் காரணமா? என் கொழந்தைக்கு நான்தான் இதைக் குடுத்தேனா?"

அறையில் வேறு யாரும் இல்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் குழந்தையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.